ரிவரில் கிங் ஜோடியை விடுவதா? ஈக்விலாப் கருவி பற்றி

ஒன்லைன் போக்கரில் 2 சதம், 5 சதம் பிளைண்ட் (சீட்டுக்கு முன்னமே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) மேசைகளில் ஆட்கள் பெரிதாகக் காசு விடுவது ஏஸ் ஜோடியிலும் கிங் ஜோடியிலும்தான். 7–2 வந்தால் யோசனையே இல்லாமல் வீசிவிடுவார்கள். கிங் ஜோடியை வீச மனம் வராது. எதிராளி ரிவரில் (மேசையில் விழும் ஐந்தாவது, கடைசிச் சீட்டில்) மொத்தத்தையும் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அதைப் பிடிப்பதா (அதே தொகையைப் போடுவதா) விடுவதா என்று கணக்குப் பார்த்துப் பழக இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் ஈக்விலாப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். போக்கர்ஸ்ட்ரெட்டஜி தளம் வெளியிட்டது, விண்டோஸ் கொம்பியூட்டரில் ஓடுவது. ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்: எதிராளியிடம் என்னென்ன கைகள் (இரண்டிரண்டு சீட்டுகள்) இருக்கலாம் என்று நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். பிழையாகக் குறித்தால் பிழையான பதிலைத் தசமதானத்தோடு தரும்.

சின்ன மேசை என்ற பேச்சை மலையகத்தில் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. 5 சத மேசையில் 100 பிக் பிளைண்ட் (பெரிய பிளைண்டின் 100 மடங்கு) என்றால் 5 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் 1,500 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்தக் கணக்குப்படி ஒரே கையில் போவது, நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த சம்பளத்துக்கும் மேல். அதனால் இந்தக் கணக்குகளை முதலில் காசில்லாமல், மேசைக்கு வெளியே பழகுங்கள் என்பதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

கருவியின் முகம் சிக்கலில்லாதது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, கீழே மேசையில் விழுந்த சீட்டுகளுக்கு ஒரு இடம். எதிராளியின் வரிசையைத் திறந்தால் 13க்கு 13 கட்டம் வரும். மூலைவிட்டத்தில் ஜோடிகள், அதற்கு மேலே இரண்டு சீட்டும் ஒரே சின்னமான கைகள், கீழே வேறு வேறு சின்னமான கைகள். புதிதாகப் பார்ப்பவர் தடுமாறும் இடம், 10 சீட்டு அங்கே ‘டீ’ என்ற ஆங்கில எழுத்தாக இருப்பது. தமிழ் முகப்பு கிடையாது. ஆனால் கட்டம் விளங்கிவிட்டால் மொழி பெரிய தடையில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் கணக்குக்கு இணையம் தேவைப்படாது. மழைக்காலத்தில் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் சிக்னல் போகும் நாட்களிலும் பழைய லெப்டொப்பில் உட்கார்ந்து பழகலாம். மேசையில் ஐந்து சீட்டும் விழுந்த கைக்கு விடை உடனே வரும். ஃப்ளொப்புக்கு (மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டுக்கு) முன்னால் நாலைந்து பேரை வைத்துக் கணக்கிட்டால்தான் இழுக்கும். அப்போது எல்லாவற்றையும் எண்ணும் முறையை விட்டு, தற்செயலாகச் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் மொன்டி கார்லோ முறைக்கு மாற்றுங்கள்.

இனி ஒரு கையை முழுதாகப் பார்க்கலாம். கருவியின் பெறுமதி இதில்தான் தெரியும்.

நம்மிடம் இஸ்பேட் கிங், டைமன்ட் கிங். இருவரிடமும் 5 டொலர். நாம் 20 சதத்துக்கு ரெய்ஸ் (உயர்த்துவது), கடைசி இடத்தில் இருப்பவர் கோல் (அதே தொகையைப் போடுவது), பிளைண்ட் வைத்த இருவரும் விலகிவிட்டார்கள். பொட் (நடுவில் சேர்ந்த காசு) 47 சதம். ஃப்ளொப்: ஆட்டின் (இதயச் சின்னம்) ஜாக், ஆட்டின் 8, கிளாவர் 4. நாம் 30 சதம் பெட், அவர் கோல். டர்ன் (நாலாவது சீட்டு) இஸ்பேட் 2. நாம் 70 சதம், மறுபடி கோல். பொட் 2.47 டொலர். ரிவர் கிளாவர் குயின். நாம் 1.20 பெட் வைக்கிறோம். இவ்வளவு நேரமும் கோல் மட்டுமே போட்டுவந்தவர் மிச்சம் 3.80ஐயும் தள்ளுகிறார்.

நாம் இன்னும் 2.60 போட வேண்டும். போட்டால் மொத்தப் பொட் 10.07. 2.60ஐ 10.07ஆல் வகுத்தால் 25.8 வீதம். நாலு தடவையில் ஒரு தடவைக்குச் சற்று மேலாக வென்றால் பிடிக்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது, இந்த விலையைப் பார்த்துத்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு கோல் போடுகிறார்கள்.

இப்போது அவருடைய கைகளைக் கட்டத்தில் குறியுங்கள். ஜாக் ஜோடி, 8 ஜோடி, 4 ஜோடி: மேசையில் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கிடப்பதால் தலா 3 விதம் (சின்னம் மாறி அமையக்கூடிய சேர்க்கைகள்), சேர்த்து 9. ஒரே சின்னத்தில் ஜாக்–8: 3. குயின்–ஜாக்: மிச்சம் 3 குயின், 3 ஜாக், பெருக்கினால் 9. ரிவரில் குயின் விழுந்ததால் 10–9 வைத்திருந்தவருக்கு 8 முதல் குயின் வரை ஸ்ட்ரெய்ட் (தொடர்ந்து வரும் ஐந்து சீட்டு) கிடைத்துவிட்டது. ஒரே சின்னத்தில் மட்டும் எடுத்தால் 4. ஆக 25 விதத்தில் நாம் தோற்கிறோம். மேசையிலும் நம் கையிலும் இருக்கும் சீட்டுகளைக் கருவி தானாகவே கழித்துக்கொள்ளும். கையால் எண்ணும்போது ஆட்கள் அதிகம் பிழை விடும் இடம் அதுதான்.

நம்மை வெல்லும் 25 கைக்கு எதிராக 25.8 வீதம் தேவையென்றால், நம்மிடம் தோற்கும் கை குறைந்தது 9 விதமாவது அவரிடம் இருக்க வேண்டும். அந்த ஒன்பதை எங்கே தேடுவது? ஆட்டின் சின்னத்தை எதிர்பார்த்து ஏமாந்த கைகளைப் பாருங்கள். ஆட்டின் ஏஸோடு கிங், 10, 9, 7, 6, 5, 3 என்று ஆட்டின் சீட்டு வைத்து, ஒரு ஜோடியும் அமையாமல் போன கைகள் 7. அந்த 7 கைகளையும் அவர் தவறாமல் பொய்யாகத் தள்ளுகிறார் என்று வைத்தாலும் 32இல் 7, 21.9 வீதம்தான். போதாது. கோல் மட்டுமே போட்டுவந்த ஒருவர் ஏழு கையிலும் தள்ளப்போவதில்லை என்பது வேறு.

இப்போது ஏஸ்–ஜாக் 12, கிங்–ஜாக் 6 ஆகியவற்றையும் குறித்துப் பாருங்கள். ஏமாந்த 7 கைகளை விட்டுவிட்டாலும் 43இல் 18, கிட்டத்தட்ட 42 வீதம். விடை தலைகீழாகிவிட்டது! கிங் ஜோடியைப் பிடிப்பதா விடுவதா என்பது இந்த இரண்டு வகைக் கைகளில் தொங்குகிறது. இந்தக் கைகளால் ஃப்ளொப்பில் மேசை ஜாக்கோடு ஜோடி சேர்த்திருந்தவருக்கு ரிவரில் குயின் விழுந்ததும் அது இரண்டாம் ஜோடி. நம் பெட்டுக்கு அதை வைத்து அவர் கோல் போடுவார், மொத்தத்தையும் தள்ளமாட்டார். ஆகவே இந்த ஆளுக்கு அந்த 18ஐயும் குறிக்கக்கூடாது. விட்டுவிடுவதுதான் சரி, அதுவும் தயங்காமல்.

அதே மேசையில் இன்னொருவர் 10–9ஐ எந்தச் சின்னத்திலும் விளையாடுகிறவர் என்றால் தோற்கும் பக்கம் இன்னும் 12 கூடி 37 ஆகும். அப்போது எதிரில் 13 தேவை. எதிராளி கண்டதையும் விளையாடுகிறவர் என்பதால் அவரிடம் பொய் அதிகம் என்று பலர் முடிவு கட்டுவார்கள். கண்டதையும் கோல் போடுவதும் பொய்யாகத் தள்ளுவதும் இரண்டு வேறு பழக்கம். முதலாவது இருந்தால் அவரிடம் நாம் நினைக்காத நல்ல கைகளும் கூடும்.

கருவியைப் பிழையாகப் பாவிப்பதில் முதலிடம் மேலே இருக்கும் வீத இழுப்பானுக்கு. அதை 15 வீதத்துக்கு இழுத்துவிட்டு, ‘இவர் நல்ல கைதான் விளையாடுவார்’ என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வரிசை ஃப்ளொப்புக்கு முந்திய பலத்தின்படி அமைந்தது. 4 ஜோடியும் சிறிய இலக்கத் தொடர்களும் அதில் பின்னால்தான் வரும். நம்மை ரிவரில் கவிழ்க்கும் கைகளை வெளியே விட்டுவிட்டு, ஏஸ்–கிங், ஏஸ்–குயின் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொள்வதால் கிங் ஜோடி எப்போதும் வெல்கிற மாதிரியே காட்டும். இரண்டாவது பிழை, ஆரம்பத்தில் குறித்த கைகளை ரிவர்வரை கழிக்காமல் கொண்டுபோவது. ஃப்ளொப்பில் ஒருமுறை, டர்னில் ஒருமுறை, ரிவரில் ஒருமுறை என்று மூன்று தடவை கட்டத்தைத் திறந்து, ‘இந்தக் கையோடு இப்படிச் செய்திருப்பாரா?’ என்று கேட்டு நீக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பழக வேண்டியதே அந்த வேலைதான்.

ரேக்கையும் மறக்கக்கூடாது. கருவி காட்டும் ஈக்விட்டி (வெற்றி வீதம்) இலக்கத்தில் தளம் எடுக்கும் அந்தப் பங்கு சேராது. மேலே சொன்ன பொட்டில் 5 வீதம் எடுக்கிறார்கள் என்று வைத்தால் நமக்கு வருவது 9.57. தேவை 27.2 வீதமாக ஏறும். 9 போதாமல் 10 கை வேண்டியிருக்கும். உங்கள் தளத்தின் வீதத்தையும் உச்ச வரம்பையும் பார்த்து நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஃப்ளொப்பிலேயே கிங் ஜோடியை வீசத் தொடங்கினால் அதுவும் நட்டம். அதே ஃப்ளொப்பில் ஒருவர் ரெய்ஸ் செய்தால் அவரிடம் ஏஸ்–ஜாக், ஆட்டின் சீட்டு இரண்டு, 10–9 என்று இன்னும் நமக்குப் பின்னால் நிற்கும் கைகள் ஏராளம் இருக்கும். 8 ஜோடி வைத்து செட் (மூன்று 8) அடித்தவருக்கு எதிரே நமக்கு 10 வீதம்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கை 3 விதம்தான். ஏஸ்–ஜாக் மட்டுமே 12. கருவியில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பயம் தெளியும்.

கருவிக்குத் தெரியாதது ஆள். யார் கோல் மட்டும் போடுகிறவர், யார் வாய்ப்புக் கிடைத்தால் தள்ளுகிறவர் என்பதை நாம்தான் மேசையில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். காசில்லா சிப்ஸ் மேசையிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். ஆனால் அங்கே இழக்க ஒன்றுமில்லாததால் சும்மா தள்ளுகிறவர்கள் நிறைய, எனவே அந்த ஏஸ்–ஜாக் கட்டங்களைத் தாராளமாகக் குறிக்கலாம். அங்கே கிடைத்த விடையைக் காசு மேசைக்கு அப்படியே எடுத்துப்போகக்கூடாது.

நம் பக்கத்தில் பல பேரிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஜோடி 6 விதம், ஒரே சின்னம் 4, வேறு சின்னம் 12 என்று மேலே எழுதிக்கொண்டு, வெளியே தெரியும் சீட்டுகளைக் கழித்து எண்ணுங்கள். மேலே காட்டிய கையை முழுக்க அப்படியே எண்ணிவிடலாம். 304 சீட்டாட்டம் விளையாடிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒன்பதும் ஜாக்கும் யார் கையில் போயிருக்கும், எது இறங்கிவிட்டது என்று அங்கேயும் அதே எண்ணிக்கைதான். டர்னில் நின்று மிச்சச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் வெற்றி வீதம் பார்க்கும்போதுதான் கொப்பி தோற்று ஈக்விலாப் தேவைப்படுகிறது.

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கருவியைத் திறக்காதீர்கள். உதவிக் கருவிகளுக்குத் தளத்துக்குத் தளம் கட்டுப்பாடு உண்டு, தளத்தில் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். சந்தேகமான கையின் பதிவை எடுத்துவைத்து, ஆட்டம் முடிந்து தலை ஆறிய பிறகு கட்டத்தில் போடுங்கள். ஜெயித்த கைகளையும் போடுங்கள். பிழையாகப் பிடித்தும் எதிராளி வெறுங்கையோடு இருந்ததால் தப்பியது அவற்றில்தான் கிடக்கும்.