மனையா, போர்டு வீடா?

வடசென்னையில் வீடில்லாத ஏழைகளுக்கு அரசு மனையும் கொடுத்திருக்கிறது, குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி வீடும், அதாவது போர்டு வீடும், கொடுத்திருக்கிறது. எது தேவலை என்று கேட்டால் நான் மனை பக்கம்தான்.

1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் கொடுங்கையூரில் செய்தது அதுதான். சாலை, குடிநீர், சாக்கடை எல்லாம் போட்டு, சின்னச் சின்ன மனையாகப் பிரித்துத் தவணைக்குக் கொடுத்தார்கள், வீட்டை அவரவர் கையில் காசு புரளும்போது கட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் ஷீட் போட்ட ஒரு அறை, அப்புறம் தளம், மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி, கீழே வாடகைக்கு ஒரு கடை. தவணை முடிந்து கிரயப் பத்திரம் வந்துவிட்டால் வங்கியில் தைரியமாகக் கடன் கேட்கலாம்.

போர்டு வீட்டில் உடனே குடியேறலாம், தீப்பிடிக்கும் பயம் இல்லை, சரி. ஆனால் வீட்டோடு கையில் தரும் ஒதுக்கீட்டு ஆணையை அடகு வைக்க முடியுமா? பத்திரமே வந்தாலும் நிலத்தில் மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்த பிரிக்காத பங்குதான், ஒரு அறைகூடக் கூட்டிக் கட்ட முடியாது. அதுவும் காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுக்கிறவருக்கு 30 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால் பிழைப்பு என்னாவது?

மனையிலும் சிக்கல் உண்டு. இன்றைய விலையில் ஊருக்குள் எல்லோருக்கும் தனி மனை கொடுக்க இடம் கிடையாது. இருக்கிற இடத்துக்கே பட்டா கேட்கலாம் என்றாலோ, துறைமுக நிலத்துக்கும் ரயில்வே நிலத்துக்கும் மாநில அரசு தானாகப் பட்டா கொடுக்க முடியாது.