வைகறைத் திருப்பலியும் திருவிழாத் திருப்பலியும்

கடலுக்குச் சென்ற வள்ளங்கள் கரை திரும்பும் முன் நடக்கும் வைகறைத் திருப்பலியில், முக்காட்டை இழுத்துவிட்டு முழந்தாளிடும் பெண்களின் செபமாலை மணிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசைகூடக் காதில் விழும். தங்கச்சிமடம் புனித சந்தியாகப்பர் ஆலயத்தின் ஜூலைத் திருவிழாவிலோ பாட்டும் கூட்டமுமாகத் தேர்ப்பவனி நகரும். இந்துக்களும் இஸ்லாமியரும் வந்து நிற்பார்கள்.

முன்னதே பக்தி, பின்னது வெறும் ஆரவாரம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, பாட்டாலும் பதிலுரையாலும் உடலசைவாலும் மக்கள் பங்கேற்பதை ஊக்குவிக்கும் அதே 30-ஆம் பிரிவில், உரிய வேளையில் புனித மௌனத்தையும் கேட்கிறது. பாடும் மகிழ்ச்சியே எங்கள் கரைக்கு இயல்பானது என்பேன். ஆனால் நற்கருணை அப்பம் வாங்கிய பின்னான சில நிமிடங்களையும் ஒலிபெருக்கி விழுங்கிவிடும்போது மனம் வலிக்கிறது.

1693-இல் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டுண்டு உயிர் துறந்த ஓரியூரில், செம்மண்ணை விரல்நுனியில் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்ட ஒரு மூதாட்டியைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, முகமோ மலர்ந்திருந்தது.