ஷாப்லில திராட்சைக்கொடி தத்தெடுத்தோம்: ஒரு வருஷ அனுபவம், யாருக்கு சரிப்படும்

ஃப்ரான்ஸ்ல ஒயின் ஊர் நிறைய இடத்துல கொடி தத்தெடுக்குற திட்டம்னு ஒண்ணு நடக்குது. காசு கட்டுனா ஒரு வரிசைல கொஞ்சம் கொடி ஒரு வருஷத்துக்கு உங்க பேர்ல இருக்கும், வரிசை முனைல சின்ன பலகைல பேர் எழுதி மாட்டுவாங்க, சீசனுக்கு சீசன் கூப்பிட்டு தோட்ட வேலை சொல்லிக் குடுப்பாங்க, கடைசில உங்க பேர் போட்ட லேபிளோட பாட்டில் வரும். நாங்க எடுத்தது ஷாப்லில, ஒரு குடும்பமா சேர்ந்து நடத்துற தோட்டம். பாரிஸ்ல இருந்து தென்கிழக்கா 180 கிலோமீட்டர் இருக்கும், பர்கண்டிங்குற ஒயின் பகுதியோட வடக்குக் கோடி, இங்க ஷாப்லி ஒயினுக்கு ஷார்டனே திராட்சை மட்டும்தான், அதுனால வெள்ளை ஒயின் மட்டும்தான். தோட்டத்து பேர நான் போடல, இதே மாதிரி திட்டம் பல பேர் நடத்துறாங்க, நான் சொல்ற விஷயம் எதுல சேர்ந்தாலும் உதவும்.

முதல்ல முடிவ சொல்லிடறேன். எல்லாரும் அறுவடை நாளுக்காகத்தான் பணம் கட்டுறாங்க, போட்டோ நல்லா வரும்ல. ஆனா குளிர்காலத்துல ஒரு நாள் கூப்பிடுற தோட்டமா பார்த்து எடுங்க. ஒயின்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அந்த நாள்லதான்.

நாங்க போனது பிப்ரவரி கடைசி. ஒரு இலை கிடையாது, கருப்பா முறுக்கிக்கிட்டு நிக்குற அடிமரம், அதுல போன வருஷம் வளர்ந்த குச்சி எல்லா பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கு. தோட்டக்காரம்மா ஒரு கொடி முன்னாடி குனிஞ்சு நின்னு ரொம்ப நேரம் எதையும் வெட்டாம பார்த்துக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் ஒரு நீளக் குச்சிய தொட்டு இது இந்த வருஷத்துக்கு, கீழ ஒரு குட்டைக் குச்சிய ரெண்டு மொட்டோட நிறுத்தி இது அடுத்த வருஷத்துக்குன்னு சொல்லிட்டு மிச்சத்த எல்லாம் சரசரன்னு வெட்டித் தள்ளிட்டாங்க. அதாவது கவாத்து பண்ற ஒவ்வொரு வெட்டும் ரெண்டு வருஷ விளைச்சல தீர்மானிக்குது. மொட்டு நிறைய விட்டா குலை நிறைய வரும் ஆனா பழம் சப்புன்னு இருக்கும், ரொம்ப குறைச்சா வருமானம் போச்சு. கத்திரிய என் கைல குடுத்தப்போ கை நடுங்குச்சு, அவங்க பக்கத்துலயே நின்னு நான் காட்டுன குச்சிய சரின்னு தலையாட்டுன பிறகுதான் வெட்டுனேன். வெட்டுன குச்சிய ரெண்டா அறுத்த இரும்பு டிரம்முக்கு சக்கரம் வெச்ச ஒரு வண்டில போட்டு அங்கயே எரிச்சுக்கிட்டு வரிசை வரிசையா தள்ளிக்கிட்டு போறாங்க, அந்த குளிர்ல எல்லாரும் அதச் சுத்தி நின்னுதான் கை காய்ஞ்சோம்.

எங்க மாமா கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை போட்டவர், வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புனேன், பந்தல் எங்கன்னுதான் முதல் கேள்வி. இங்க பந்தல் இல்ல, இடுப்பு உயரத்துக்கு கம்பி இழுத்து அதுல குச்சிய வளைச்சு கட்டுறாங்க. கம்பத்துல வருஷம் பூரா எங்கயாவது அறுவடை நடந்துக்கிட்டே இருக்கும், இங்க வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை, அது போச்சுன்னா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்னு சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அது போறதுக்கான பெரிய எமன் ஏப்ரல் பனி. மார்ச்ல கொடிக்குள்ள தண்ணி ஏறுனதும் வெட்டுன வாய்ல சொட்டு சொட்டா வடியும், அப்புறம் மொட்டு விரியும், அந்த பச்சை துளிர் மேல மைனஸ் ரெண்டு மூணு டிகிரி பட்டா கருகிடும். 2021 ஏப்ரல்ல ஃப்ரான்ஸ் பூராவும் பல ஊர்ல அப்படி கருகிப் போச்சு. ராத்திரில எந்திரிச்சு வரிசைக்கு நடுவுல வாளி வாளியா பாரஃபின் மெழுகு ஏத்தி வெப்பாங்க, ஒரு எக்டேருக்கே நூத்துக்கணக்குல வேணும். சில இடத்துல தண்ணிய தெளிச்சு விடுறாங்க, கேட்க தலைகீழா தோணும், ஆனா தண்ணி உறையும்போது வெப்பம் வெளிய வரும்ல, அதுனால தெளிச்சுக்கிட்டே இருக்குற வரைக்கும் ஐஸுக்குள்ள இருக்குற துளிர் பூஜ்யத்துக்கு கீழ பெருசா இறங்காம தப்பிச்சிடும். பனி அடிக்கிற ஊர்ல சிலர் கவாத்தயே தள்ளித் தள்ளி பண்றாங்க, லேட்டா வெட்டுனா மொட்டும் லேட்டாத்தான் விரியும்.

கல்லையும் பாருங்க, யாரும் சொல்லாம விட்டாலும் குனிஞ்சு ஒண்ண எடுங்க. சுண்ணாம்புக் கல்லு, அதுல நகத்தளவுக்கு சின்னச் சின்னதா சிப்பி பதிஞ்சிருக்கு, சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னாடி இது கடல். என் பொண்ணு பாக்கெட் நிறைய பொறுக்கிட்டா.

ஜூன்ல பூ. திராட்சைக் குலை மாதிரியே இருக்கும், கிட்டப் போனாத்தான் பூன்னு தெரியும், அதுல இருந்து சுமார் 100 நாள் கணக்கு பண்ணி அறுவடைய குத்துமதிப்பா சொல்றாங்க. அப்போதான் நோய் பயமும், மழை பெஞ்சா மறுநாளே மருந்தடிக்க டிராக்டர் கிளம்புது. இயற்கை முறை தோட்டத்துலயும் மயில்துத்தம் சுண்ணாம்பு கலந்த போர்டோ கலவை அடிக்கலாம், நம்மூர்ல பாக்குக்கும் மிளகுக்கும் அடிக்கிற அதேதான், 1880கள்ல ஃப்ரான்ஸோட போர்டோ பக்கம் திராட்சைக்காக உண்டானது.

அறுவடை நாள்ல என் குறை என்னன்னா தேதி. சர்க்கரையும் புளிப்பும் அளந்து பார்த்துதான் முடிவு பண்ணுவாங்க, பழம் நம்ம காலண்டர் பார்க்காது, அது சரி, ஆனா எங்களுக்கு சொன்னது ரொம்ப கடைசி நேரத்துல, லீவு எடுக்க திண்டாடிட்டோம். பொதுவா செப்டம்பர், வெயில் அதிகமான வருஷம் ஆகஸ்ட் கடைசியே ஆரம்பிச்சிடுது. ஷாப்லில முக்கால்வாசி மெஷின் அறுவடைதான், வரிசைய கவட்டைக்குள்ள விட்டு உலுக்கிக்கிட்டே போற பெரிய வண்டி. எங்க மாதிரி ஆளுக்கு கைக்கத்திரி, வாளி. கொடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர், இலைய விலக்கிட்டு காம்பு தெரிஞ்ச பிறகுதான் வெட்டணும், இல்லன்னா எதிர்ல இருக்குறவர் விரல் போயிடும். இடுப்பு வலி நிச்சயம். பழம் பிழியுற பிரஸ்ல இருந்து வந்த சாற ஒரு கிளாஸ் குடிச்சோம், கலங்கலா, அவ்வளவு இனிப்பு, பின்னாடியே ஒரு புளிப்பு வந்து நாக்க கூச வெக்குது.

கடைசியா ஒயின் போடுற நாள். வெள்ளை ஒயினுக்கு தோல ஊற வெக்கறதில்ல, வந்த உடனே பிழிஞ்சு, ஒரு ராத்திரி தெளிய விட்டு, ஸ்டீல் டாங்க்ல நொதிக்க விடுறாங்க. காதை டாங்க்ல வெச்சா சலசலன்னு சத்தம். நொதிக்கும்போது வர்ற கார்பன் டை ஆக்சைடு ஆளையே கொல்லும், அதுனால கதவத் திறந்து காத்த விட்டு அவங்க சரின்ன பிறகுதான் எங்கள உள்ள விட்டாங்க. ஒரே வருஷத்து ஒயின ரெண்டு டாங்க்ல இருந்து ருசி பார்க்கச் சொன்னாங்க, ஒண்ணுல பச்சை ஆப்பிள் புளிப்பு, இன்னொண்ணுல அந்த ஆப்பிள் புளிப்பான மாலிக் ஆசிட், தயிர்ல இருக்குற லாக்டிக் ஆசிட்டா மாறி முடிச்சிருச்சு, புளிப்பு மட்டுப்பட்டு மிருதுவா இருந்துச்சு. பக்கத்துல பக்கத்துல வெச்சு குடிச்சாத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும், பாட்டில வாங்கி வீட்டுல குடிச்சா தெரிய வழியே இல்ல.

தெரிஞ்சுக்க வேண்டியது இன்னும் கொஞ்சம். உங்க கொடிப் பழத்த மட்டும் தனியா ஒயின் போட மாட்டாங்க, அந்த வயக்காட்டு பழம் மொத்தமும் ஒரே டாங்க்தான், இத அவங்க முன்னாடியே தெளிவா சொல்லணும், எங்களுக்கு கேட்ட பிறகுதான் சொன்னாங்க. அதே பாட்டில கடைல வாங்குனா இதவிட நல்லாவே மலிவு, நீங்க காசு குடுக்குறது அந்த நாளுங்களுக்கு. அறுவடை முடிஞ்சு பாட்டில் கைக்கு வர அடுத்த வருஷம் ஆயிடும். சைவம்னா ரெண்டு தடவ மெயில் போட்டு சொல்லுங்க, பர்கண்டி சாப்பாடு பன்னியும் மாடும்தான், எங்களுக்கு சீஸ் பன்னும் சாலடும்தான் கிடைச்சுது, ஆனா அந்த கூஜேர்னு சொல்ற சீஸ் பன் சூடா இருந்தா ஒயினுக்கு அப்படி பொருந்துது. விளக்கம் எல்லாம் ஃப்ரெஞ்சுல, இங்கிலீஷ் கேட்டா சுருக்கமா சொல்றாங்க, ஃப்ரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்தா இந்த திட்டம் ரெண்டு மடங்கு பிரயோஜனம்.

ஷாப்லிக்கு ட்ரெயின் இல்ல. பாரிஸ் பெர்சில இருந்து ஓசேர் வரைக்கும் போய் அங்க இருந்து கார் இல்ல டாக்சி பிடிக்கணும், 20 கிலோமீட்டர் சொச்சம். வண்டி ஓட்டுறவர் ருசி பார்த்துட்டு துப்பிடணும், அதுக்குன்னே பாத்திரம் வெச்சிருப்பாங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க: பனில வெள்ளாமை போனா பாட்டிலுக்கு என்ன பண்ணுவீங்க, கவாத்து நாள் உண்டா.