மலேசியாவுல விசிட் பாஸ் (வந்து போறவங்களுக்குக் குடுக்குற தங்குற அனுமதி) நீட்டித் தரேன்னு எவன் சொன்னாலும் காசு குடுத்துடாதீங்க, எனக்கு 1,850 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

நேத்து ராத்திரி அத்தைய, அதான் மாமியார, கேஎல்ஐஏ 2 ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்ததுல இருந்து தூக்கமே வரல, கோவத்துலதான் டைப் பண்றேன், பிழை இருந்தா விட்டுடுங்க.

என் வீட்டுக்காரி புதுக்கோட்டை பக்கம். தலைப்பிரசவம், அதனால டேட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே அத்தை வந்து இறங்கிட்டாங்க. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து விசா வேணாம்ல, ஏர்போர்ட்ல 30 நாள் சாப் (முத்திரை) அடிச்சு விட்டுட்டாங்க. ஆனா பிள்ளை டேட் தாண்டி எட்டு நாள் கழிச்சு ஆபரேஷன்லதான் வந்தான், அப்புறம் மஞ்சள் ஏறி தினம் கிளினிக்ல குதிகால்ல குத்தி ரத்தம் பார்க்குற அலைச்சல், பாதி நாள் அப்படியே ஓடிப்போச்சு. அத்தை போய்ட்டா பத்தியம் யாரு வைக்கிறது, இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமேன்னு நெனச்சோம்.

வேலை இடத்துல ஒருத்தர் கை காட்டுனாரு, செந்தூல் பக்கம் ஒரு சின்னக் கடை. பேரு சொல்லல, டிக்கெட் போடுறது, பாஸ்போர்ட் போட்டோ, பர்மிட் வேலை எல்லாம் பண்ற டைப். போன உடனே அத்தைக்கு சேர் போட்டு, பக்கத்துக் கடையில தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, எந்த ஊரும்மான்னு கேட்டு, "எங்க தாத்தாவும் அறந்தாங்கிதாம்மா"ன்னான். அத்தைக்கு முகமெல்லாம் பல்லு. அப்புறம் டிராயரத் தொறந்து ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டு ஒண்ண எடுத்து மேசையில வச்சான், பத்துப் பதினஞ்சு இருக்கும், ஒண்ண விரிச்சு ஒரு சாப்ப காட்டி "போன வாரம் முடிச்சது போஸ் (முதலாளி), ரெண்டு மாசம்"னு சொல்லி டக்குனு மூடிட்டான். அது யாரோடது, என்ன பாஸ், ஒண்ணும் நான் படிக்கல. இத்தனை பேரு நம்பிக் குடுத்திருக்காங்களேன்னு அந்தக் கட்டப் பார்த்துத்தான் கவுந்தேன்.

1,850 வெள்ளி. அதுல 850 சர்வீஸ், 1,000 "உள்ள ஆளுக்கு". உள்ள ஆளுன்னு சொன்னப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும், வரல, அது என் தப்புதான். டியூட்நவ்ல (போன்லயே பேங்க் காசு அனுப்புறது) போடும்போது கடை பேரு வரல, யாரோ ஒரு பொம்பளை பேரு வந்துச்சு, "வைஃப் அக்கவுண்ட் போஸ்"ன்னான். ரெசிட்ல 'சர்வீஸ்'னு ஒரே ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கிட்டான்.

அப்புறம் ஆரம்பிச்சது கூத்து. சிஸ்டம் டவுன். ஆபீசர் லீவு. புதன்கிழமை கண்டிப்பா. புதன் போய் அடுத்த செவ்வாய். டிரைவிங்ல இருக்கேன் போஸ் அப்புறம் கூப்பிடுறேன். நேர்ல போனா கவுண்டர்ல இருக்குற பொண்ணு போனப் பார்த்துக்கிட்டே "போஸ் பினாங்கு போயிருக்காரு"ங்குது. இவன் பேச்ச நம்பி 25ஆவது நாள் இருந்த ரிட்டர்ன் டிக்கெட்டையும் விட்டுட்டேன்.

27ஆவது நாள் கடையில நின்னு சத்தம் போட்டேன், அந்தப் பொண்ணு அதே டிராயர், அதே ரப்பர் பேண்ட் கட்டுல இருந்து பாஸ்போர்ட்ட உருவிக் குடுத்துச்சு. நான் அடையாளத்துக்கு வச்ச போர்டிங் பாஸ் துண்டு அதே பக்கத்துல அப்படியே இருக்கு. வெளியவே போகலங்க அது!

மறுநாள் அத்தையக் கூட்டிட்டு ஜாலான் டூத்தா இமிகிரேஷனுக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த மலாய்க்கார அக்கா தட்டிப் பார்த்துட்டு, இந்தப் பேர்ல எதுவும் போடலைன்னாங்க. சும்மா கூட இருக்கணும்னு கேட்டா நீட்ட மாட்டாங்களாம், உடம்பு முடியல, ஆக்சிடெண்ட் அந்த மாதிரி இருந்தா ஆதாரத்தோட கேக்கலாமாம், மகள் பிரசவம் அதுல வராதாம். நாள் தாண்டி இருந்தா சட்டப்படி 10,000 வெள்ளிக்குக் குறையாம அபராதம், இல்ல அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட போடலாம். அத்தைக்கு மலாய் புரியாது, என் முகத்தப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாங்க.

அவன் அன்னைக்கு சாயங்காலம்தான் போன எடுத்தான். "டிரை பண்ணேன் போஸ், கிடைக்கல, சர்வீஸ் காசு திருப்பித் தர மாட்டோம்". சரி, அந்த உள்ள ஆளு 1,000? பதிலே இல்ல. கொழுப்பப் பாருங்க, இன்னும் 600 குடுத்தா தாய்லாந்து ஹட்யாய்க்கு வேன்ல கூட்டிட்டுப் போய் புது சாப்போட கொண்டு வரேங்குறான். பார்டர்ல இந்தப் பக்கம் விடமாட்டேன்னுட்டா அறுபத்தி ரெண்டு வயசு பொம்பளை அங்க தனியா என்ன பண்ணும்? அத்தையே "வேணாம் மாப்ள, நான் ஊருக்கே போறேன்"னுட்டாங்க. அவசர டிக்கெட் 690 வெள்ளி, அது 1,850க்கு மேல.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், பிள்ளை அழுவுது, அதனால சுருக்கமா. முதல்ல நீங்களே இமிகிரேஷன் கவுண்டர்ல போய்க் கேளுங்க. பாஸ்போர்ட்ட எவன்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. காசு போடுறதுக்கு முன்னாடி போலீசோட செமாக் மியூல்ல (மோசடி அக்கவுண்டான்னு பார்க்குற வெப்சைட்) அந்த அக்கவுண்ட் நம்பரத் தட்டிப் பாருங்க, நான் போட்டப்புறம்தான் பார்த்தேன், ஏற்கனவே ரெண்டு ரிப்போர்ட் இருக்கு. ஏமாந்தது தெரிஞ்ச உடனே 997க்கு (மோசடி புகார் நம்பர்) அடிங்க, என்னை மாதிரி லேட்டா இல்ல. போலீஸ் ரிப்போர்ட் குடுத்துட்டேன், பார்ப்போம்.

என் நம்பர பிளாக் பண்ணிட்டான். வீட்டுக்காரி போன்ல அவன் ஸ்டேட்டஸ் இன்னும் தெரியுது, இன்னைக்குக் காலையில பத்துமலை முருகன் படம் போட்டு 'விசா பிரச்சினையா, உடனே அழைக்கவும்'னு எழுதியிருக்கான்.