பழைய கொரோலாவில் சீட் ஹீட்டரும் கண்ணாடி ஹீட்டரும்: ஆறு குளிர்காலம் ஓட்டிய பிறகு

2019 செப்டெம்பரில் என் 2007 டொயோட்டா கொரோலாவின் முன் இருக்கைகள் இரண்டுக்குள்ளும் சூடேற்றும் பட்டைகளைப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் போட்டேன். போட்ட முதல் மாதத்தில் யாரைக் கேட்டாலும் "அருமை" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். உப்புச் சேற்றிலும் உறைபனியிலும் ஆறு குளிர்காலம் ஓடிய பிறகு எது தாங்கியது, எது போனது, எது உண்மையிலேயே தேவைப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். கார் நிற்பது கூரையில்லாத வெளியில். காலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அம்மாவைக் கிழமையில் இரண்டு நாள் பிசியோதெரபிக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் கூட்டிப் போவேன். அவருக்கு நாள்பட்ட முதுகுவலி. குளிர்ந்த இருக்கையில் உட்காரும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. வேறு கார் வாங்கலாமே என்று பலர் சொன்னார்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கடன் எதுவும் இல்லை. இருக்கைச் சூட்டுக்காக மட்டும் மாதாமாதம் தவணை கட்ட எனக்கு மனம் வரவில்லை.

வெளியே மைனஸ் 15 என்றால் என் 1.8 லீட்டர் எஞ்சினின் ஹீட்டரில் இளஞ்சூடு வரவே பத்து நிமிடம் ஆகும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூடானால்தான் உள்ளே வரும் காற்றும் சூடாகும். அதுவரை முகத்தில் அடிப்பது குளிர்காற்றுதான். இருக்கைப் பட்டைக்கு எஞ்சின் சூடு தேவையில்லை, மின்சாரம் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் முதுகில் சூடு தெரியும், தடித்த ஜக்கெட் என்றால் இன்னும் கொஞ்சம் பிந்தும். இது புதிய சங்கதியும் இல்லை. 1966இலேயே காடிலாக் காரில் விரும்பினால் காசு கொடுத்து வாங்கலாம் என்று வந்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் சுவீடனின் சாப் நிறுவனம் தன் 99 மாடலில் போட்டது. அப்படியிருந்தும் என் 2007 காரில் அது இல்லை.

பட்டையும் வயரும் சேர்ந்து வரும் கிட்கள் கடையில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மெல்லிய கம்பியை வளைத்து வளைத்துத் தைத்த பட்டை. பெரும்பாலும் அது ஒரே தொடர்க் கம்பி என்பதால் ஓரிடத்தில் அறுந்தால் முழுப்பட்டையும் போய்விடும். மற்றது கார்பன் ஃபைபர். இரு ஓரத்திலும் மின்சாரம் ஓடும் கீற்று, நடுவில் பல கார்பன் இழைகள். ஓர் இழை போனாலும் மற்றவை வேலை செய்யும். நீளம் கூடினால், கிட்டில் அனுமதி இருந்தால், வெட்டிக் குறைக்கவும் முடியும். நான் கார்பன் ஃபைபரைத்தான் எடுத்தேன். ஓர் இருக்கைக்கு இரண்டு பட்டை, முதுகுக்கு ஒன்று, அடிமெத்தைக்கு ஒன்று. கூட ஸ்விட்ச், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ஃபியூஸ், வயர்க்கட்டு. இரண்டு இருக்கைக்கும் சேர்த்து 130 டொலர் ஆனது.

கிட்டோடு வந்த தாளில் வயரை நேரடியாக பற்றரியில் கொடுக்கச் சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் முப்பது வருடமாகக் கார் மின்வேலை பார்க்கும் ஓர் அண்ணையிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படி எடுக்காதேங்கோ தம்பி. ஸ்விட்சை மறந்துபோய் விட்டுட்டு இறங்கினால் விடிய கார் ஸ்டார்ட் ஆகாது. சாவி போட்டால் மட்டும் ரிலே இழுக்கிற மாதிரிச் செய்யுங்கோ" என்றார். குளிரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பற்றரி எவ்வளவு தரும் என்று அதில் அச்சடித்திருக்கும் குளிர்த் தொடக்க ஆம்பியர் கணக்கையே மைனஸ் 18 பாகையில் வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்தக் குளிரில் பற்றரியின் பலம் ஏற்கெனவே பாதிபோலக் குறைந்திருக்கும். அதில் இரவு முழுவதும் நாலைந்து ஆம்பியர் இழுத்தால் என்ன மிஞ்சும்? இந்த ஆறு வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஸ்விட்சை அணைக்காமல் இறங்கியிருக்கிறேன். ஒருநாளும் பற்றரி இறங்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ரிலேயின் ஒவ்வொரு காலுக்கும் ஓர் எண் உண்டு. 30ஆம் காலுக்குப் பற்றரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர், 87இலிருந்து இருக்கைகளுக்கு, 86க்குச் சாவி போட்டால் உயிர்பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து மெல்லிய வயர், 85இலிருந்து காரின் உலோக உடம்புக்கு எர்த். உச்சச் சூட்டில் ஓர் இருக்கை 4.6 ஆம்பியர் இழுப்பதாக, வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டியது. இரண்டும் சேர்ந்தால் ஒன்பது சொச்சம். அதனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். சிகரெட் லைட்டர் வயரில் கொக்கி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வயர் ஏற்கெனவே வேறு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அது வேண்டாம்.

இருக்கையைக் கழற்றுவது சுலபம், நான்கு போல்ட்தான். ஆனால் இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது எயார்பேக் சம்பந்தப்பட்டது. பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி 90 விநாடியாவது காத்திருந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்று டொயோட்டாவின் கையேட்டிலேயே இருக்கிறது. நான் அதைச் செய்தேன். ஆனால் வேறொரு தவறு செய்தேன். மெத்தை வேலை இரண்டாம் நாளுக்கு நீண்டபோது, இருக்கை இல்லாத காரை ஒதுக்கி நிறுத்த பற்றரியைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன். எயார்பேக் விளக்கு எரிந்தது, பிறகு எல்லாவற்றையும் பூட்டிய பின்னும் அணையவில்லை. ஸ்கான் கருவி உள்ள ஒருவரிடம் கொண்டுபோய் அந்தப் பிழைப் பதிவை அழிக்க 60 டொலர். இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது.

பயணி இருக்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, எவ்வளவு பாரம் என்று பார்க்கும் சென்சார் சில கார்களில் மெத்தைக்குள் விரிப்பாக இருக்கும், சில கார்களில் இருக்கையின் காலில் இருக்கும். மெத்தைக்குள் இருந்தால் அதன்மேல் பட்டை ஒட்டும் வேலையை விட்டுவிடுங்கள். எயார்பேக் விரிய வேண்டுமா வேண்டாமா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. காலில் இருக்கும் வகைக்கும் இருக்கையைக் கழற்றிப் பூட்டினால் திரும்ப அளவு சரிசெய்ய வேண்டி வரலாம். இருக்கையின் பக்கவாட்டில் எயார்பேக் இருந்தால், அது கிழித்துக்கொண்டு வரும் தையலின் அருகில் பட்டையோ வயரோ போகக் கூடாது.

துணியை நுரையோடு பிடித்து வைத்திருக்கும் சின்னக் கம்பி வளையங்களை ஹாக் ரிங் என்பார்கள். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பட்டையை ஒட்டி, புது வளையம் போட்டு நெருக்க வேண்டும். அதற்கென்று உள்ள குறட்டை வாங்கிவிடுங்கள், பிளாஸ்டிக் டை போட்டுச் சமாளிக்க வேண்டாம். ஓர் இருக்கைக்கு எனக்கு ஐந்து மணி நேரம் போனது, இரண்டாவதற்கு மூன்று.

கண்ணாடிக்குச் செலவு குறைவு, பாடு அதிகம். கண்ணாடியைக் கழற்றுவதும் பின்னால் பட்டை ஒட்டுவதும் அரைமணி நேர வேலைதான். வயரைக் கதவிலிருந்து காருக்குள் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய்தான் உயிரை எடுக்கும். கதவுக்கும் தூணுக்கும் இடையில் மடிந்து விரியும் அந்தக் குழாய்க்குள் ஏற்கெனவே ஜன்னல் வயர்கள் நெருக்கமாக இருந்தன. கொஞ்சம் சிலிக்கோன் தெளித்து, விறைப்பான கம்பியை முன்னால் விட்டு, அதன் வாலில் வயரைக் கட்டி இழுத்தேன். ஒரு கதவுக்கே ஒரு பின்னேரம் போனது. குளிர் வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். மைனஸில் பிளாஸ்டிக் கொளுக்கிகள் தொட்டாலே உடையும்.

மின்சாரத்தைப் பின் கண்ணாடியின் பனிநீக்கியோடு இணைத்தேன், ஆனால் அதன் வயரிலிருந்து நேரடியாக எடுக்கவில்லை. அந்த வயர் இன்னொரு ரிலேயை இழுக்கும், கண்ணாடிகளுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸோடு தனி வழி. இரண்டும் சேர்ந்தே இரண்டு ஆம்பியர்தான். பின் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால் மூன்று கண்ணாடியும் சேர்ந்து சூடாகும், கால்மணி நேரம் போனதும் எல்லாம் தானாக அணையும். அணைப்பதை மறந்துவிட்டேனா என்ற கவலையே இல்லை.

இருக்கைச் சூட்டை நான் ரசிக்கிறேன், ஆனால் அது இல்லாமலும் வேலைக்குப் போய்விடுவேன். கண்ணாடிச் சூடு இல்லாமல் இனி 401 நெடுஞ்சாலையில் ஏற எனக்குத் துணிவு இல்லை. விடியாத இருட்டில், இடது கண்ணாடியில் பனித்துளிகள் உறைந்து கிடக்க, பின்னால் வரும் லொறியின் விளக்கு ஒரு மஞ்சள் மங்கலாக மட்டும் தெரிய, வழித்தடம் மாறிய காலைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. ஜன்னலை இறக்கிக் கையால் துடைத்து, ஐம்பது மீட்டரில் அது திரும்ப மூடிக்கொள்ளும் அந்த அவதி முடிந்துவிட்டது. மெல்லிய உறைபனி இரண்டு நிமிடத்தில் போகும். உறைமழை பெய்து தடித்த பனிக்கட்டி பிடித்திருந்தால் ஏழெட்டு நிமிடம் ஆகும், பிறகு தகடுபோலக் கழன்று விழும். இரண்டில் ஒன்றுதான் செய்யக் காசும் நேரமும் இருக்கிறது என்றால், தயங்காமல் கண்ணாடியைச் செய்யுங்கள்.

கண்ணாடிச் சூட்டால் ஆகாததும் உண்டு. வீதியில் கொட்டும் உப்பு. முன்னால் போகும் லொறி தெறிக்கும் சேற்றுநீரில் உள்ள தண்ணீரை அது உலர்த்திவிடும், உப்பு வெள்ளைப் படலமாக அங்கேயே தங்கும். கதவுப் பையில் ஒரு ஈரத் துணி இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

இனிப் பழுதான கதை. இரண்டாம் குளிர்காலத்தில் இடது கண்ணாடியின் பட்டை பாதிதான் சூடானது. ஒட்டும்போது நடுவில் காற்றுக் குமிழ் விட்டிருந்தேன். அந்த இடத்தில் பசை விலகி ஈரம் புகுந்திருந்தது. மலிவு ஒட்டுப் பட்டையைத் திரும்ப வாங்காமல், ஹீட்டரோடு சேர்ந்தே வரும் கண்ணாடியை அதே அளவில் வாங்கிப் போட்டேன், 45 டொலர். இன்றுவரை குறையில்லை. வலதுபக்கம் பழைய பட்டையே ஓடுகிறது. அதை ஒட்டும் முன் ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் நன்றாகத் துடைத்திருந்தேன், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் குளிர்காலத்தில் அம்மாவின் இருக்கை விட்டுவிட்டு வேலை செய்தது. பட்டையில் பிழை என்று பயந்து மெத்தையையே திறக்கப் பார்த்தேன். நல்லவேளை, முதலில் மீட்டரை வைத்தேன். எர்த் போல்ட் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது. சப்பாத்தில் ஒட்டி வரும் ஸ்னோ உருகி, உப்புத்தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கி, போல்ட்டைச் சுற்றி பச்சையும் துருவுமாகப் பிடித்திருந்தது. எர்த்தை ஈரம் எட்டாத உயரத்துக்கு மாற்றினேன். இருக்கைக்கு அடியில் கிடந்த கனெக்டர்களையும் இருக்கைச் சட்டத்தோடு மேலே கட்டி, இணைப்புகளுக்குப் பசையோடு சுருங்கும் குழாய் போட்டேன். இங்கே குளிர்காலத்தில் காரின் தரை ஒரு குட்டை என்று நினைத்துத்தான் வயர் போட வேண்டும்.

ஐந்தாம் வருடம் என் இருக்கையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் அதிகமாகச் சுட்டது. உடனே ஃபியூஸைக் கழற்றிவிட்டேன். திறந்து பார்த்தால் பட்டை அந்த இடத்தில் மடிந்திருந்தது. பின் இருக்கையில் சாமான் எடுக்க முழங்காலை இருக்கையில் ஊன்றி ஏறுவது என் வழக்கம், பாரம் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறது. அந்தப் பட்டையை மட்டும் மாற்றினேன். ஒரு புள்ளி மட்டும் சுடுகிறது என்றால் "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள், துணி கருகுவது அங்கேதான் தொடங்கும்.

அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு. கால், தொடைப் பக்கம் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு கூடினாலும் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அதனால் அவர் பக்கத்து ஸ்விட்ச் எப்போதும் குறைந்த நிலையில்தான், அதுவும் பத்து நிமிடம் போனதும் அணைத்துவிடுவேன். "தம்பி, இன்னும் கொஞ்சம் விடன்" என்று கேட்பார். விடுவதில்லை. அவர் முதுகுக்கு அந்தப் பத்து நிமிடமே போதுமாக இருக்கிறது, இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

2022 ஜனவரி 17, திங்கட்கிழமை கொட்டிய பனியில் நகரம் கார்டினர், டொன் வாலி பார்க்வே என்ற இரண்டு விரைவுச்சாலைகளையும் மூடியது. அன்று நான் மார்க்கம் வீதியில் இரண்டரை மணி நேரம் நகர முடியாமல் நின்றேன். எஞ்சினை விட்டுவிட்டு ஓடவிட்டு, இடையில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிய பனியைக் காலால் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் குழாய் மூடினால் கார்பன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே வரும். எஞ்சின் ஓடிய நேரத்தில் ஏறிய முதுகுச் சூடு அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மெத்தையில் நின்றது. அன்றைக்குத்தான் இருக்கைக்குச் செலவழித்த 130 டொலருக்கும் ஈடு கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

இப்போது கார் 2,94,000 கிலோமீட்டரில் நிற்கிறது. பின் சக்கர வளைவில் துரு தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடினால் சந்தோஷம். இந்த ஒக்டோபரில், குளிர் இறங்குவதற்கு முன், வலது கண்ணாடிக்கும் ஹீட்டரோடு வரும் கண்ணாடியையே வாங்கிப் போடப் போகிறேன்.