கறிக்கு எந்தக் கோழி: காத்திருக்கும் கோழியும் காத்திருக்காத கோழியும்

வீட்டில் கறிக்காகக் கோழி வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எது சீக்கிரம் எடை போடும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று வகையையும் வளர்த்துப் பார்த்த பிறகு, கேட்டிருக்க வேண்டியது வேறு என்று தெரிகிறது. அறுக்கும் நாள் பத்து நாள் தள்ளிப்போனால் இந்தக் கோழி தாங்குமா?

மூன்று வகை என்றால் வெள்ளை பிராய்லர், மெதுவாக வளரும் கலர் பிராய்லர், அப்புறம் முட்டைக்கும் கறிக்கும் ஆகும் ரோட் ஐலண்ட் ரெட், பிளைமவுத் ராக் மாதிரியான பழைய இனங்கள். நான் இப்போது வளர்ப்பது கலர் பிராய்லர். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பது, கூளம் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வது, சுத்தமான தண்ணீர். இதெல்லாம் எல்லா வகைக்கும் ஒன்றுதான். தேர்வை இவை தீர்மானிக்காது.

வெள்ளை பிராய்லரின் வேகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்னிஷ் வழியில் வந்த சேவலும் வெள்ளை பிளைமவுத் ராக் வழியில் வந்த பெட்டையும் சேர்ந்த கலப்பு அது. கார்னிஷ் இனத்தில் சண்டைக்கோழியான அசிலின் ரத்தம் ஓடுகிறது. அந்த அகன்ற நெஞ்சு அங்கிருந்து வந்தது. அதற்கு மேல் பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வேகத்தை ஏற்றியிருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என மூன்று காலத்துக் கோழிகளை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் மாறவில்லை, கோழிதான் மாறியிருக்கிறது.

என் முதல் பேட்ச் இருபது வெள்ளைக் குஞ்சுகள். ஆறு வாரத்தில் ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவைத் தொட்டன. ஒரு கிலோ எடைக்கு ஒன்றேமுக்கால் கிலோ தீவனம் போல ஆனது. இதைவிடச் சிக்கனமாக எந்தக் கோழியும் எனக்குக் கறி தரவில்லை. கணக்கு அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

42ஆம் நாள் அறுப்பதாகத் திட்டம். அந்த வாரம் பார்த்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. பத்து நாள்தானே, போகட்டும் என்று விட்டேன். 45ஆம் நாள் ஒரு கோழி கால் இரண்டையும் பரப்பி உட்கார்ந்துவிட்டது. தீவனத் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அந்த ஒரு முழத்தைக் கடக்க முடியாமல் கழுத்தை மட்டும் நீட்டியது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று மல்லாந்து கிடந்தது, கொண்டை நீலம் பாய்ந்து. அடுத்தது வயிறு தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பியது. நடுவில் ஒரு வெயில் மதியத்தில் இரண்டு போயின. "இதுக்கு மேல வச்சிருக்கிறது பாவம்டா" என்றாள் அம்மா. மொத்தம் ஐந்து கோழிகள், ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல், அத்தனை தீவனத்தையும் தின்று முடித்த பிறகு.

அது நோய் இல்லை. அந்த உடம்பின் கட்டமைப்பே அப்படி. தசை வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுப்பதில்லை. இதயம் திணறும்போது வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. எலும்பு முற்றுவதற்குள் எடை ஏறுவதால் கால் மடங்குகிறது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்; மூன்று கிலோ உடம்புக்கு அது போதவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து இரவு முழுக்கத் தீவனத்தை எடுத்துவிட்டால் பிரச்சினை குறைகிறது என்பது உண்மை. ஆனாலும் அது கோழியைத் தாமதப்படுத்துமே தவிர, காத்திருக்க வைக்காது.

பெரிய பண்ணைக்கு இது சிக்கலே இல்லை. நாள் வந்ததும் வண்டி வரும், ஒரே நாளில் கொட்டகை காலியாகும். வீட்டில் அறுப்பது நானும் தம்பியும். 60 டிகிரிக்குச் சற்று மேல் சூடான தண்ணீரில் முக்கி, கையால் இறகு பிடுங்கி, குடல் எடுத்து, கழுவி முடிக்க ஆரம்பத்தில் ஒரு கோழிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு காலையில் நான்கு, மிஞ்சினால் ஐந்து. இருபது கோழிக்கு ஐந்து காலைப்பொழுது வேண்டும், அதுவும் விடுமுறை நாளாக. உறைபெட்டியிலும் அத்தனைக்கும் இடம் வேண்டும். வெள்ளை பிராய்லர் நமக்குக் கொடுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு வாரம்தான். நம் வேலையோ ஒரு மாதத்துக்கு இழுக்கிறது.

கலர் பிராய்லரில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். பத்தாவது வாரம் முதல் அறுக்கலாம், பதினான்காவது வாரம் வரை வைத்திருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. சேவல்கள் முன்னால் எடை போடுகின்றன, கூவவும் சண்டை போடவும் தொடங்குகின்றன. அவற்றை முதலில் எடுத்துவிடுவேன். பெட்டைகள் பின்னால் வரும். வாரத்துக்கு நான்கு வீதம் எடுத்தால் கடைசிக் கோழி வரை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிரான்சில் லேபல் ரூஜ் என்ற தர முத்திரை பெறும் கோழியைக் குறைந்தது 81 நாள் வளர்க்க வேண்டும் என்று விதியே உண்டு. அதற்கு மெதுவாக வளரும் இனங்களைத்தான் எடுக்கிறார்கள். அவற்றில் கழுத்தில் இறகில்லாத வகையும் இருக்கிறது. பார்க்க அழகில்லை, ஆனால் உடம்பிலும் இறகு குறைவு என்பதால் வெயிலைத் தாங்கும், பிடுங்கவும் சுலபம்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கிலோ எடைக்கு எனக்கு இரண்டரைக் கிலோ தீவனம் போனது. மேய விட்டால் அது பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்த்தேன். கிளறும், புழு பொறுக்கும், ஆனால் தீவனத் தட்டைக் கண்டால் ஓடிவரும். நெஞ்சுக்கறி வெள்ளையில் இருப்பதைவிடக் குறைவு, தொடை நன்றாக இருக்கும். சிவப்பு, கறுப்பு இறகுகளின் குருத்து தோலில் புள்ளி புள்ளியாக நின்றுவிடும். வெள்ளையில் இதுவும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தோலை உரித்துவிடுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, இதுவும் கலப்புதான். முட்டை எடுத்துப் பொரிக்க வைத்தால் அடுத்த தலைமுறை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கத்தான் வேண்டும்.

வாங்கவே கூடாது, நம் வீட்டிலேயே பெருக வேண்டும் என்றால் பழைய இனங்கள்தான் வழி. இதில் என் அனுபவம் குறைவு: ரோட் ஐலண்ட் ரெட் சேவல்கள் எட்டு, ஒரே ஒரு முறை. பதினெட்டு வாரம் ஆனது, கிலோவுக்கு நான்கு கிலோவைத் தாண்டித் தீவனம் தின்றன, கடைசி ஒரு மாதம் விடியலுக்கு முன்பே எட்டும் போட்டி போட்டுக் கூவின. உரித்துப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. முட்டைக்காக இந்த இனத்தை வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சும் சேவல்களைக் கறிக்கு எடுப்பது சரியான வழி. கறிக்காக மட்டும் இதை வளர்ப்பது எனக்குக் கட்டுபடியாகவில்லை. நாட்டுக்கோழி இன்னும் மெதுவானது, உருவமும் சிறியது. ஆனால் தானே அடைகாத்துத் தானே குஞ்சைக் காப்பாற்றும் கோழியோடு இவற்றை ஒப்பிடுவதே சரியில்லை, அது வேறு கணக்கு.

ருசி? வயது ஏறினால் ருசி ஏறும், கூடவே கடினமும் ஏறும். பதினெட்டு வாரச் சேவலை ஈரப்பதத்தோடு மெதுவாக வேகவிட வேண்டும். ஆறு வார பிராய்லர் எப்படிச் சமைத்தாலும் மெத்தென்று இருக்கும். எதை அறுத்தாலும் ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுச் சமைத்தால் விறைப்பு விட்டு நன்றாக வரும். கலருக்கும் வெள்ளைக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு வித்தியாசம் சொல்வேன் என்று சவால் விட மாட்டேன். எங்கள் வீட்டில் கலர்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எது எந்தக் கோழி என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டவர்கள் அவர்கள்.

ஆறேழு கோழி மட்டும் போதும், 42ஆம் நாள் நிச்சயம் கை ஓய்வாக இருக்கும், வெயில் காலமும் இல்லை என்றால் வெள்ளையையே எடுங்கள், தீவனம் மிச்சம். எனக்கு அப்படி ஒரு நாளைக் குறித்துவைத்து வாழத் தெரியவில்லை. இதை எழுதும்போது பின்பக்கம் மூன்று பெட்டைகள் பதின்மூன்றாவது வாரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. இந்த ஞாயிறு ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.