புதுச்சேரியில் ட்ராமா தெரபி என்று மொத்தமாகப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்: என் 48,000 ரூபாய் போன கதை

"மேடம், நீங்க பணத்தைத் திருப்பிக் கேக்குறதே உங்க ட்ராமா பேசுறதுதான்."

நேற்று இரவு எனக்கு வந்த வாட்ஸ்அப் பதில் இது. ட்ராமா என்றால் நாடகம் இல்லை, கொடுமையான சம்பவம் மனசில் விட்டுப்போகும் காயம். 48,000 ரூபாயை முழுசாக வாங்கிக்கொண்டு, சொன்னதில் பாதிகூடச் செய்யாத ஒரு இடம் அனுப்பிய பதில். படித்ததிலிருந்து கொதிக்கிறது. கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது இதேபோல் ஒரு இடத்தில் பணம் கட்டத் தயாராக இருந்தால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போவதால் இடத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், பழைய வீடு ஒன்றில் நடக்கும் ஹீலிங் சென்டர். யோகா, மூச்சுப் பயிற்சி, சொமாட்டிக் தெரபி, எல்லாம் உண்டு. நமக்கு நடந்த கொடுமையை உடம்பு பிடித்து வைத்திருக்கும், அதை உடம்பு வழியாகவே இறக்கி வைக்கலாம் என்பது அவர்கள் சொல்வது. விளம்பர வீடியோவில் சுனாமியையும் தானே புயலையும் இழுத்துப் பேசுவார்கள். 2004-லும் 2011-லும் கடலூர் பட்டபாடு அவர்களுக்கு விளம்பரம்.

நான் போன காரணம், கடலூர்–புதுச்சேரி சாலையில் நான் வந்த பஸ் விபத்தில் சிக்கியது. காயம் ஆறிவிட்டது. ஆனால் பின்னால் ஹாரன் அடித்தால் தோள் இறுகிவிடும், மூச்சு மேலே நின்றுவிடும், ராத்திரி தூக்கம் கிடையாது. ஜிப்மரில் பார்த்தேன், மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் தேவலை. ஆனால் கூட்டத்தில் காத்திருந்து டாக்டரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று இருந்தது. அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது.

முதல் நாள் எனக்குத் தெரபி கொடுத்த அம்மா பேசியதைச் சொல்லியே ஆக வேண்டும். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. "இப்ப உங்க பாதம் தரையில படுதா, அதை மட்டும் பாருங்கம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தோள் எங்க நிக்குது?" என்றார். நான் விபத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது, "அவசரமில்ல, கொஞ்சம் சொல்லிட்டு நிறுத்துங்க, ஜன்னல் பக்கம் பாருங்க" என்று தடுத்தார். தொடுவதற்கு முன் கேட்டார். விபத்துக்குப் பிறகு முதல் முறையாக அழுதேன், அழுத பின் மூச்சு கீழே இறங்கியது. வீட்டில் அவரிடம் கூடச் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னேன். வெளியே வந்ததும் முன்மேசையில் இருந்த பெண், "மேடமே உங்களை 12 அமர்வும் பாப்பாங்க, இன்னைக்குக் கட்டினா 48,000, நாளைக்கு 60,000" என்றாள். சீட்டு எடுத்த பணம் கணக்கில் இருந்தது. அங்கேயே ஜிபே செய்தேன். ரசீதில் 'நன்கொடை' என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம், வரிக்காக" என்றாள்.

கொஞ்ச நாளில் அந்த அம்மா காணாமல் போனார். வெளிநாட்டில் பயிற்சி எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். பதிலுக்கு வந்தது ஒரு இளைஞர். என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். "சான்றிதழ்ல ஒண்ணும் இல்ல மேடம், அனுபவம்தான்" என்றார். என்னைத் தனியாகப் பார்க்கவும் இல்லை. ஒரு ஹாலில் எங்களை வரிசையாகப் பாயில் படுக்கவைத்து, ஸ்பீக்கரில் பறைபோல ஒரு சத்தத்தை அலறவிட்டு, "கத்துங்க, நடுங்குங்க, உள்ள இருக்கிறதை வெளிய தள்ளுங்க" என்றார். பின்னாலிருந்து கேட்காமல் என் கழுத்தில் கை வைத்தார். ஹாரன் சத்தத்துக்கே இறுகிப்போகிற உடம்பு எனக்கு. அன்று பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு பஸ்ஸில் ஏற முடியவில்லை. என் வீட்டுக்காரர் கடலூரிலிருந்து பைக்கில் வந்து கூட்டிப்போனார்.

அதைவிட மோசம் அடுத்தது. "மாத்திரை உங்க உடம்போட குரலை அமுக்குது, நிறுத்திடுங்க" என்றார் அதே இளைஞர். வீட்டுக்காரர் உடனே டாக்டரைப் பார்த்துக் கேட்டார். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரலாம், டாக்டர் சொல்லி மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்று அந்த டாக்டர் கோபப்பட்டார். நான் நிறுத்தவில்லை. அங்கே படுத்திருந்த மற்றவர்களில் யார் யார் நிறுத்தினார்களோ, நினைத்தால் பயமாக இருக்கிறது.

உடம்பு வழி சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை. சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற முறையை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் லெவின். அதற்கான பயிற்சியே சுமார் 3 வருடம். அந்த முறையின் அடிப்படை, வேதனையைச் சிறிது சிறிதாகத் தொட்டுவிட்டு உடனே நிதானத்துக்குத் திரும்புவது. முதல் நாள் அந்த அம்மா செய்தது அதுதான். ஹாலில் நடந்தது அதற்கு நேர் எதிர். அப்புறம் இன்னொன்று. ட்ராமாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் சொன்ன பேச்சு சிகிச்சைகளில் முக்கியமானவை ட்ராமாவை மையமாக வைத்த சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) இஎம்டிஆரும் (கண்ணை இடவலமாக அசைத்துக்கொண்டே நடந்ததை நினைவுகூரும் சிகிச்சை). உடம்பு வழி முறைகளுக்கு ஆய்வு இன்னும் குறைவு. பணம் வாங்கும் முன் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பணம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர்களின் நிஜ முகம் தெரிந்தது. முதலில் "மேடம் வந்ததும் பேசுவாங்க." பிறகு "அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றோம்." பிறகு பணம் தர முடியாது, அதற்கு ஈடாக மூன்று நாள் முகாமில் கலந்துகொள்ளலாம், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள். 48,000 போனது போதாதென்று இன்னும் கட்டணமா? நேரில் போனால், "நன்கொடையைத் திருப்பித் தர விதி இல்லை" என்று என் ரசீதையே என்னிடம் காட்டினார்கள். "உங்க உடம்பு குணமாகிறதை எதிர்க்குது, அதான் இந்தக் கோபம்" என்றார் அந்த இளைஞர். அந்த அம்மாவை நம்பி நான் அழுதுகொண்டே சொன்ன விஷயத்தை இவரும் தெரிந்துவைத்திருக்கிறார். அதை வைத்தே என் வாயை அடைக்கிறார். 48,000 ரூபாயைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

கடலூரில் போலீஸில் சொன்னால், "அது பாண்டிம்மா, அங்க போய்க் கொடுங்க." அங்கே போனால், "இது சிவில் மேட்டர்."

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

மொத்தமாக எங்கேயும் கட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் கொடுங்கள். ரசீதில் 'நன்கொடை' என்று இருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆர்சிஐ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். ஏமாந்திருந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், அதனால் பாண்டிக்கு அலைய வேண்டாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

ஜிபே விவரம், அந்த ரசீது, நேற்று வந்த பதில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன்.